நேற்றுக்குத்தான் நிறம் அதிகம்

அண்மையில் அடுத்தடுத்துப் படித்த சித்திர நாவல்களில் மனத்தை விட்டு இறங்க மறுப்பது 'கின்ட்ரெட்'. ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய நாவலுக்கு டேமியன் டஃபி சித்திரக்கதை வடிவம் எழுத, ஜான் ஜென்னிங்ஸ் வரைந்து 2017இல் வெளிவந்தது. மறு ஆண்டே சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதும் பெற்றது.

கலிஃபோர்னியா, 1976. புதுவீட்டில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும் கறுப்பின எழுத்தாளர் டேனாவுக்குத் தலை சுற்றுகிறது. அடுத்த கணம் அவள் ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறாள். ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறான். அது அடிமைமுறைக் கால மேரிலாந்து. அந்தச் சிறுவன் ரூஃபஸ், அவளுடைய மூதாதை. அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் அங்கே இழுக்கப்படுகிறாள். தன் உயிர் போகப்போகிறது என்று அஞ்சும்போதுதான் திரும்ப முடிகிறது.

இந்தக் காலப்பயணத்துக்கு இயந்திரம் கிடையாது, விளக்கமும் கிடையாது. பட்லருக்கு அது தேவைப்படவில்லை. வளர்ந்த ரூஃபஸ், ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணைப் பலவந்தப்படுத்துகிறான். அவர்களுக்குப் பிறக்கும் மகளின் வழியில் வந்தவள் டேனா. அவனைச் சாகவிட்டால் இவளே இல்லை. இதைவிடக் கொடிய முடிச்சை அறிபுனைவில் நான் படித்ததில்லை.

பட்லரின் தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து, பின்வாசல் வழியாகவே உள்ளே போய், அவமானங்களை விழுங்கி மகளை வளர்த்தவர். முந்தைய தலைமுறை அடங்கிப்போனதாக ஓர் இளைஞர் ஏசியதைக் கேட்டதில்தான் நாவல் முளைத்தது என்று பட்லர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருப்பதற்கே எவ்வளவு பொறுக்க வேண்டியிருந்தது என்பதை டேனா தன் உடம்பில் வாங்கித் தெரிந்துகொள்கிறாள். கடைசியில் ஒரு கையையே இழக்கிறாள்.

ஜென்னிங்ஸின் பெரிய முடிவு நிறத்தில் இருக்கிறது. பழங்காலம் என்றாலே வெளிறிய வண்ணம் பூசுவது வழக்கம். இவர் 1976ஐ மங்கிய பழுப்பில் அடக்கிவிட்டு, மேரிலாந்தின் வானத்தையும் புல்லையும் ரத்தத்தையும் முழு வண்ணத்தில் வரைகிறார். சாட்டையடிக் காட்சிகளில் கண்ணை எங்கே திருப்புவதென்று தெரியவில்லை. உரைநடையில் வேகமாகக் கடந்துவிடக்கூடிய பத்தி, இங்கே பக்கம் முழுக்க நின்று பார்க்க வைக்கிறது. குறையும் உண்டு: டேனாவின் நீண்ட மனப்போராட்டம் கட்டங்களுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கிறது. மூலநாவலையும் படித்தாக வேண்டும்.

இதே இருவர் பட்லரின் 'பாரபிள் ஆஃப் தி சோயர்' நாவலையும் 2020இல் சித்திரமாக்கினார்கள். 1993இல் எழுதப்பட்டு 2024இல் தொடங்கும் கதை. நீரும் வேலையும் அற்றுப்போன கலிஃபோர்னியாவில், பிறர் வலியைத் தன் வலியாகவே உணரும் ஒரு பெண் வடக்கு நோக்கி நடக்கிறாள். நல்ல புத்தகம்தான், 'கின்ட்ரெட்' அளவுக்கு என்னை உலுக்கவில்லை.

'வன்னி' உலுக்கியது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லாக் வரைந்த இந்த நூல் 2019இல் வந்தது. இலங்கையில் ஆழிப்பேரலை தொடங்கி முள்ளிவாய்க்கால் இறுதிப்போர் வரை ஒரு தமிழ்க் குடும்பம் ஓடும் ஓட்டத்தைக் கறுப்பு வெள்ளையில் சொல்கிறது. டிக்ஸ், வன்னியில் ஐ.நா.வுக்காகப் பணியாற்றியவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று மன்றாடினார்கள். அந்த மக்களுக்கு அவர் பட்ட கடன் நூல் முழுக்கத் தெரிகிறது. தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களிலிருந்தே குடும்பத்தைப் புனைந்திருக்கிறார்கள். ஒளிப்படம் என்றால் சாட்சி சொன்னவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டோவியம் அவர் முகத்தை மறைத்து, அவருக்கு நடந்ததை மறைக்காமல் வைக்கிறது.