பெயர்ப் பட்டியல்களை ஒத்துப் பார்க்கும் முறை

ஏழைகளுக்கென ஒதுக்கிய பணம் ஏழைகளையே சென்றடைகிறதா என்று அறிவது எங்ஙனம்? சங்கப் பதிவேடுகளைச் சோதிக்கும் நமக்கு இது பழகிய கேள்வியே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதற்கெனச் செய்துள்ள ஏற்பாட்டை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

குறைந்த வருவாயுள்ள குடும்பங்களின் தொலைபேசிக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கும் 'லைஃப்லைன்' திட்டம் அங்கு 1985இல் தோன்றியது. 2016இல் இணைய வசதியும் அதில் சேர்க்கப்பட்டது. பொதுவாகச் சலுகை மாதம் 9.25 டாலர் வரை, வீட்டிற்கு ஒன்றுதான்.

தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு முன்னர் பெரும்பாலும் கம்பெனிகளிடமே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பணம் பெறுபவரே அப்பெயரைச் சரிபார்ப்பதென்றால் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? 35 லட்சம் பயனாளிகளின் விவரங்களைக் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. சுமார் 12 லட்சம் பேரின் தகுதியை உறுதிப்படுத்த இயலவில்லை. 6,378 பேர் இறந்தவர்களாகப் பதிவானவர்கள்! காலமானவரின் கையொப்பத்தை வருகைப் புத்தகத்தில் கண்டிருக்கும் நமக்கு இது வியப்பளிக்கவில்லை.

நிற்க. 2018 முதல் தேசியச் சரிபார்ப்பு முறை படிப்படியாக அமலுக்கு வந்தது. விண்ணப்பதாரரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவை உணவு உதவி, மருத்துவ உதவி முதலிய திட்டங்களின் பட்டியல்களோடு ஒப்பிடப்படுகின்றன. அவர் அத்திட்டங்களில் உள்ளாரா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையே திரும்பி வரும். அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதெல்லாம் வெளியே செல்வதில்லை. இக்கட்டுப்பாடே இம்முறையின் சிறப்பென்று நாம் கருதுகிறோம்.

இலாகாக்கள் இவ்வாறு பட்டியல்களை ஒப்பிடுவதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமொன்று வரம்பு கட்டியுள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அதனைப் பொதுமக்களுக்கு அறிவித்தல் வேண்டும். இயந்திரம் சொன்னதை மட்டும் நம்பி ஒருவரது உதவியை நிறுத்தலாகாது. முன்னறிவிப்புக் கொடுத்து அவர் பதிலையும் கேட்க வேண்டும்.

'இல்லை' என்ற விடை வந்தவரெல்லாம் தகுதியற்றவர் அல்லர். பெயரில் ஓரெழுத்து மாறியிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், அவரது மாநிலத்துப் பட்டியல் இம்முறையோடு இணைக்கப்படாமலும் இருக்கலாம். அத்தகையோர் தஸ்தாவேஜுகளைத் தாமே அனுப்பித் தகுதியை நிரூபிக்கலாம். ஆயினும் இணையத்திற்கே வழியில்லாத ஏழை, இணையச் சலுகை பெற அலைய நேர்வது வருந்தத்தக்கதே.

மாதம் 30 டாலர் வரை அளித்த மற்றொரு இணைய உதவித் திட்டமும் இதே சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்தியது. 2021 இறுதியில் தொடங்கிய அத்திட்டத்தில் 2.3 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஒதுக்கிய நிதி தீர்ந்துபோனமையால் 2024 ஜூன் 1ஆம் தேதி அது முடிவுற்றது. தகுதி உறுதி செய்யப்பெற்றவர்களுக்கும் அன்றோடு உதவி நின்றது.