ப்ளைவுட் கேம்பிங் டிரெய்லர்... மழையை எப்படித் தாங்குகிறது?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 'டியர்டிராப்' டிரெய்லர்களை அமெரிக்காவில் 1930-களிலிருந்தே பலர் வீட்டில் தாங்களே செய்கிறார்கள். இருவர் படுக்க இடம், பின்பக்கம் குட்டி சமையலறை. ப்ளைவுட் உடம்புக்கு எதிரி மழைதான்!

பலகையின் முகத்தைவிட, வெட்டிய ஓரங்களிலும் திருகு ஓட்டைகளிலும்தான் தண்ணீர் வேகமாக நுழையும். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே மரம் மக்கும். அதனால் அங்கெல்லாம் முதலில் எபாக்ஸி பூச வேண்டும்.

'மரைன் ப்ளை' வாங்கினால் போதாதா? போதாது. கொதிநீரையும் தாங்குவது அதன் பசை. ஈரம் தங்கினால் மரம் மக்கலாம்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, கேன்வாஸ் துணியைச் சுருக்கமின்றி ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் வெளிச்சுவர் பெயின்ட் சில கோட். இதன் பெயரே 'ஏழையின் ஃபைபர் கிளாஸ்'!

ஜன்னல், கதவு ஓர சீலன்ட்டை ஆண்டுதோறும் சோதிப்பது அவசியம். மழை நுழைய மயிரிழை விரிசல் போதும்.