வேனை ஓட்டியது யார்? "பொத்தான்" காட்டிக் கொடுக்கும்!

லாரி, வேன்களில் இப்போது கேமரா வைக்கிறார்கள். விபத்து நடந்தால் ரோடு படத்தில் விழுந்துவிடும். ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் யார்? பகலில் ஒருவர், இரவில் ஒருவர் ஓட்டும் வண்டி என்றால், "நான் இல்லே, அவன்தான்" என்று தகராறுதான்!

இதற்குப் பயன்படுவது "ஐ-பட்டன்". சுமார் 16 மில்லிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் வில்லை. சாதாரண ரகத்தில் பாட்டரி கிடையாது. உள்ளே 64 பிட் எண். டிரைவர் ஏறியதும் டாஷ்போர்டில் உள்ள குழியில் ஒட்டி எடுத்தால் போதும். எண் கேமரா பதிவோடு சேர்ந்துவிடும்.

பொத்தானுக்குப் பெயர் தெரியாது. எந்த எண் எந்த டிரைவர் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கே இரண்டு பெயர் மாறிப்போனால், வீட்டில் தூங்கியவர் வேலை போய்விடும்!

அதனால் சோதனை முக்கியம். டிரைவரே நேரில் வந்து தொட வேண்டும். அவர் பெயர்தான் விழுகிறதா? பதிவு செய்யாத பொத்தானை வைத்தால் "பஸ்ஸர்" கத்துகிறதா? என்ஜினை நிறுத்தி, ஆள் மாறி ஏறினால் பழைய ஆள் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? கடிகாரம் சரியா?

இவ்வளவும் பார்த்துவிட்டு, சில இடங்களில் பொத்தானை வண்டிச் சாவியோடு கோத்து ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் யார் ஓட்டினாலும் ஒரே பெயர்தான்!