பேட்டரி மாத்தினதும் கார் ரேடியோ 'கோட்' கேட்குதா? மதுரைக்கு வண்டியை எடுக்கும் முன் இதைப் பாருங்க!

ராஜபாளையத்தில் காருக்குப் புது பேட்டரி போட்டாச்சு. சாவியைத் திருப்பினதும் வண்டியும் ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் போற வழியில் கோடை பண்பலை கேட்கலாம்னு ரேடியோவை ஆன் செய்தால், 100.5 வர வேண்டிய இடத்தில் 'கோட்' என்று ஆங்கிலத்தில் மின்னுகிறது. எந்த பட்டனை அழுத்தினாலும் சத்தமே இல்லை.

பேட்டரி கடைக்காரர் எதையோ கெடுத்துட்டார் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அவர் மேல் தப்பில்லை. ரேடியோவும் கெடவில்லை. தன்னை யாரோ திருடிட்டாங்கன்னு அது நினைச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

ஏன் பூட்டிக்கொள்கிறது?

1980, 90-களில் கார் கண்ணாடியை உடைத்து ரேடியோவைத் தூக்கிச் செல்வது ஐரோப்பா, அமெரிக்க நகரங்களில் பெரிய தலைவலி. அதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ரேடியோவுக்கு இரண்டு வழியாக கரண்ட் வரும். ஒன்று சாவியைத் திருப்பினால் மட்டும். இன்னொன்று, வண்டி நிற்கும்போதும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது லைன் அறுந்தால் ரேடியோ பூட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் சரி, ஃபியூஸ் போனாலும் சரி, அதற்கு எல்லாமே திருட்டுதான்! பேட்டரியை மாற்றாமலே அடிக்கடி கோட் கேட்டால், முதலில் ஃபியூஸையும் டெர்மினலையும் பாருங்கள்.

எல்லா கார்களிலும் இந்தப் பூட்டு கிடையாது. ஹோண்டா, ஃபோர்டு, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனோ, ஃபியட் வண்டிகளில் கம்பெனி ரேடியோ இருந்தால் வாய்ப்பு அதிகம். சில ஃபோக்ஸ்வேகன் குழும ரேடியோக்களில் 'சேஃப்' என்று காட்டும்.

குத்துமதிப்பா நம்பர் போடாதீங்க

நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். தப்பாகப் போடப் போட, ரேடியோ உங்களைக் காக்க வைக்கும். ஃபோக்ஸ்வேகனில் இரண்டு முறை தவறினால் சுமார் 1 மணி நேரம் ரேடியோவை ஆனில் விட்டுக் காத்திருக்க வேண்டும். ரெனோவில் ஒவ்வொரு தப்புக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

முதலில் டேஷ்போர்டு பெட்டியைத் துழாவுங்கள். ஓனர் மேனுவல் உறைக்குள் சின்ன அட்டை இருக்கும். சில கார்களில் பெட்டியின் உள்பக்கமே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியா?

சிக்கலே இங்கேதான். இரண்டு, மூன்று கை மாறிய காரில் ஆர்.சி. வரும், ஸ்பேர் சாவி வரும். அந்த அட்டை மட்டும் வராது. பழைய ஓனரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர் வீட்டு அலமாரியில் கிடக்கலாம்.

கிடைக்கவில்லையா? அடுத்தது ரேடியோவின் சீரியல் நம்பர். பல ஹோண்டா கார்களில் ரேடியோவை ஆஃப் செய்து, 1, 6 பட்டன்களைப் பிடித்தபடி ஆன் செய்தால் திரையிலேயே வரும். சில ஃபோர்டு ரேடியோக்களில் 1, 6 பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் 'வி' அல்லது 'எம்' எழுத்தில் தொடங்கும் எண் தெரியும். மற்றவற்றில் செட்டை வெளியே எடுத்து ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த எண், சேஸிஸ் நம்பர், ஆர்.சி. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள். உங்கள் பிராண்டுக்கு உள்ளூரில் சென்டர் இல்லையென்றால் மதுரைதான். ராஜபாளையத்தில் இருந்து போக மட்டுமே 80 கிலோமீட்டருக்கு மேல். சீரியல் நம்பர் இல்லாமல் போனால் இன்னொரு தடவை அலைய வேண்டியதுதான். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தாலும், சர்வீஸ் தொடரும் என்றே சொன்னது. அதனால் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு விஷயம். கோட் ரேடியோவுக்குத்தான் சொந்தம், காருக்கு அல்ல. யாராவது இடையில் செட்டை மாற்றியிருந்தால் பழைய அட்டை வேலை செய்யாது.

'உடனே கோட் தர்றோம்' என்று ஆன்லைனில் பணம் கேட்பவர்களுக்கு ஆர்.சி., ஆதார் படங்களை அனுப்பாதீர்கள். கார் ஆடியோ மெக்கானிக் சிலர், செட்டுக்குள் இருக்கும் மெமரி சிப்பைப் படித்தே கோடை எடுத்துத் தருவார்கள்.

இன்னும் பேட்டரி மாற்றவில்லையா? கழற்றும் முன் கோட் இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு 12 வோல்ட் பேட்டரியில் இருந்து இடைக்கால சப்ளை கொடுக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். அப்படிச் செய்தால் ரேடியோவுக்கு எதுவுமே தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் பாசிட்டிவ் ஒயர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

கோட் சரியாக விழுந்ததும் பாட்டு வந்துவிடும். சேமித்த ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும், கடிகாரமும் தப்பாக ஓடும். 100.5-ஐ மறுபடி தேடிப் பிடிச்சு சேவ் பண்ணிக்க வேண்டியதுதான்.