ஸ்டூடியோவில் வெளிச்சம், ரெயின்போ நகரில் இருட்டு

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தும் போய்த் தொலையவில்லை. ஊரின் தலைமேலேயே நின்று, மறுநாள் காலைக்குள் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கமெல்லாம் தண்ணீர். ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. ஊரின் பெரும்பகுதியில் கரண்ட் இல்லை. சென்னைச் செய்திச் சேனல்கள் மட்டும் புதுச்சேரியைக் காட்டிக்கொண்டே இருந்தன.

யாருக்குக் காட்டின என்பதுதான் வேடிக்கை. புயல் கரையேறிய நேரத்தில் பாரிஸில் மாலை ஆறு, ஏழு மணி. அங்கே குடியேறிவிட்ட சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) குடும்பங்கள் யூடியூப் நேரலையைப் போட்டுக்கொண்டு உட்கார வசதியான நேரம். புயல் எங்கே நிற்கிறது, எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் என்பதை முத்தியால்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்குப் பாரிஸ் மகன் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, அம்மாவின் செல்லில் சார்ஜ் இருந்தால்.

அந்தக் காலத்தில் இந்தக் கணக்கு வேறாக இருந்தது. புதுச்சேரி வானொலி நிலையம் 1967இல் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 150 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் இங்கே அதைப் பிடிக்க மாடியில் உயரக் குழாய் நட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். புயலடித்தால் முதலில் சாய்வது அந்தக் குழாய்தான். கரண்ட் போனால் டிவி வெறும் பெட்டி. ஆனால் அலமாரியில் டிரான்சிஸ்டர் இருந்தது. தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டியவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால் போதும். நடுவே கம்பமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் வெறும் காற்று.

தொலைக்காட்சி நிலையத்துக்கு இருட்டு அப்போது நிஜமான எதிரி. பழைய ஸ்டூடியோ விளக்கு ஒவ்வொன்றும் ஆயிரம், இரண்டாயிரம் வாட் ஹாலஜன். பத்துப் பன்னிரண்டு விளக்கு எரிந்தால் உள்ளே சூளை, அதைத் தணிக்க ஏ.சி. இவ்வளவையும் பேட்டரியில் தாங்க முடியாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமி எழுந்து லோடு ஏற்கும் வரை செய்தி வாசிப்பவர் இருட்டில் இருக்க, திரையில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த அட்டை ஒரு நிகழ்ச்சி மாதிரியே பழகிப்போயிருந்தது.

இன்றைய எல்.இ.டி. விளக்குக்கு அதில் சிறு பங்கு மின்சாரம் போதும். கேமரா, பேனல், சர்வர், வாசிப்பவர் எதிரே ஓடும் பிராம்ப்டர் எல்லாம் யு.பி.எஸ்.ஸில். ஜெனரேட்டர் எழ எடுத்துக்கொள்ளும் சில விநாடிகளைப் பேட்டரி நிரப்பிவிடும். பார்ப்பவருக்குக் கண் சிமிட்டல்கூடத் தெரியாது. ஒன்று பழுதானால் இன்னொன்று என்று பெரிய நிலையங்களில் இரண்டு ஜெனரேட்டர் நிற்கும். இதற்குப் பிறகும் பயப்பட இரண்டு விஷயம் உண்டு. சர்வர் அறையின் ஏ.சி. பெரும்பாலும் யு.பி.எஸ்.ஸில் இருக்காது, ஜெனரேட்டர் எழாவிட்டால் சூட்டிலேயே இயந்திரங்கள் படுத்துவிடும். இன்னொன்று டீசல். தொட்டி நிறைய இருப்பது ஒரு நாளைக்கு. அடுத்த நாளுக்கு லாரி வர வேண்டும், லாரி வரச் சாலை வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாமல் தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு ஒரு நாள் வரவேயில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அது முதல் தடவை. இயந்திரம் தயார், ஆள் வரத்தான் வழியில்லை.

தானே புயல் இரண்டு காலங்களுக்கும் நடுவே விழுந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலை, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே மணிக்கு 140 கிலோமீட்டர் வரையான காற்றோடு கரையேறியது. புதிய தலைமுறை தொடங்கி நான்கே மாதம். தமிழில் இருபத்து நான்கு மணிநேரச் செய்தி சூடுபிடித்த நேரம். செயற்கைக்கோளுக்கு நேரே படம் அனுப்பும் ஓ.பி. வேன்தான் அன்றைக்குப் பெரிய ஆயுதம். வேனுக்குச் சொந்த ஜெனரேட்டர் இருக்கும். ஊரில் கரண்ட் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆனால் கூரைமேல் விரிந்திருக்கும் டிஷ்ஷைப் பலத்த காற்றில் மடக்கியே ஆக வேண்டும். எந்த நிமிடத்தைக் காட்ட வண்டி வந்ததோ அந்த நிமிடத்தில் அது ஊமை. அப்போது கைகொடுப்பது ‘போனோ’: திரையில் நிருபரின் பழைய புகைப்படம், பின்னால் அவர் குரலும் இரைச்சலும்.

தானேக்குப் பிறகு புதுச்சேரி நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. கிராமங்கள் இன்னும் கூடுதலாக. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வந்து வீட்டுக்கு வீடு வாடகைக்கு மோட்டார் ஓட்டித் தண்ணீர்த் தொட்டி நிரப்பினார்கள். தங்கள் ஊர் பட்ட அடியைக் கரண்ட் வந்த பிறகுதான் டிவியில் பார்த்தார்கள் பலர்.

இப்போது வேனின் இடத்தை முதுகுப் பை பிடித்துக்கொண்டது. பைக்குள் நாலைந்து கம்பெனி சிம் கார்டுகள். படத்தைத் துண்டு துண்டாக்கி எல்லா நெட்வொர்க்கிலும் பிரித்து அனுப்பி, சென்னையில் ஒட்டவைக்கும். காற்றுக்கு மடக்க வேண்டியதில்லை. ஆனால் செல்போன் டவரை நம்பித்தான் அதன் பிழைப்பு. டவர் அடியில் பேட்டரி சில மணிநேரம் தாங்கும், பிறகு டீசல். தண்ணீர் சூழ்ந்த டவருக்கு டீசல் கேனை யார் தூக்கிப் போவது? ஸ்டூடியோவில் அடைத்த ஓட்டை டவரடியில் திறந்திருக்கிறது. வீட்டுப் பக்கமும் அப்படியே. கன மழையில் டி.டி.எச். டிஷ் சிக்னல் இழக்கும். கேபிள்காரர் தன் கன்ட்ரோல் ரூமில் ஜெனரேட்டர் வைத்திருந்தாலும், தெருமுனையில் கம்பத்தில் தொங்கும் பெட்டி கரண்ட் இல்லாமல் தூங்கிவிடும்.

புயலே இல்லாமலும் கரண்ட் போனது உண்டு. 2022 செப்டம்பர் கடைசியில் தனியார்மயத்தை எதிர்த்து மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அக்டோபர் 1 அன்று ஊரின் பல பகுதிகள் இருண்டு, மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. புயல் என்றால் கேமரா போய் நிற்கும் இடம் கடற்கரைச் சாலை காந்தி சிலை. அலை அழகாக எழும், பின்னணி பார்த்ததும் ஊர் தெரியும். ஆனால் அது மேட்டுப் பகுதி; தண்ணீர் தேங்குவது மேற்கே பள்ளத்தில். ஃபெஞ்சலின்போது கிருஷ்ணா நகருக்குள் கேமரா போவதற்குள் படகு போக வேண்டியதாயிற்று.

டிரான்சிஸ்டர் அலமாரியிலிருந்து எப்போதோ போய்விட்டது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களையும் 2022க்குள் ஏறக்குறைய எல்லாம் மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பது புதுச்சேரி வானொலியின் 102.8 எஃப்.எம். பேரிடர் காலத்தில் உதவும் என்று சொல்லி, செல்போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று மத்திய அரசு 2023இல் போன் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. டவர் செத்தாலும் அது பாடும். ஒரே நிபந்தனை, வயர் ஹெட்போன் செருக வேண்டும், எஃப்.எம்.முக்கு அந்த வயர்தான் ஆன்டெனா. புதிதாக விற்கும் போன்கள் பலவற்றில் அதைச் செருகத் துளையே கிடையாது.