தம்பிரான் தோழர் காட்டிய தோழமை நெறி

இறைவனை அடையும் நெறிகளைச் சைவ சமயம் நான்காக வகுத்துரைக்கிறது. அடிமை நெறியாகிய தாச மார்க்கத்தைத் திருநாவுக்கரசரும், மகன்மை நெறியாகிய சற்புத்திர மார்க்கத்தைத் திருஞானசம்பந்தரும், தோழமை நெறியாகிய சக மார்க்கத்தைச் சுந்தரமூர்த்தி நாயனாரும், ஞான நெறியாகிய சன்மார்க்கத்தை மாணிக்கவாசகரும் தம் வாழ்வால் விளக்கியருளினர் என்பர் சான்றோர். ஆண்டானின் முன் அடிமை அஞ்சி நிற்பான். தந்தையின் முன் மகன் பணிந்து நிற்பான். தோழனோ உரிமையுடன் கேட்பான், ஊடவும் செய்வான். இவ்வுரிமை எத்தகைய பொறுப்பை உடையது என்பதைச் சுந்தரர் வரலாறு உணர்த்துகிறது.

இறைவன் அளித்த கொடை

சுந்தரரின் திருமண நாளில் பெருமான் முதிய வேதியராக வந்து, ஓலை காட்டி அவரைத் தமக்கு அடிமை என்று வழக்குரைத்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு வென்று தடுத்தாட்கொண்டார். பின்னர்த் திருவாரூரில் தம்மையே அவருக்குத் தோழராகத் தந்தருளினார். அன்று முதல் அடியார்கள் அவரைத் ‘தம்பிரான் தோழர்’ என்றழைத்தனர். அடிமைத்திறம் முதலிலும் தோழமை அதன் பின்னரும் அமைந்த முறை கருதத்தக்கது. தோழமை சுந்தரர் தாமே உரிமை கொண்டாடிப் பெற்றதன்று. பணிந்தவருக்கு இறைவன் அளித்த கொடையாகும்.

அடியாரை நீங்கிய தோழமை இல்லை

ஒருநாள் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் குழுமியிருந்தனர். அவர்களுக்கு அடியவனாகும் நாள் எந்நாளோ என்ற ஏக்கம் சுந்தரரின் உள்ளத்தில் இருந்தது. ஆயினும் வெளிப்பட வணங்காமல் ஒருபால் ஒதுங்கிப் பெருமானை வழிபடச் சென்றார். அதனைக் கண்ட விறன்மிண்ட நாயனார் வெகுண்டு, அவர் அடியார் கூட்டத்திற்குப் புறம்பானவர். அவரை ஆண்ட இறைவனும் புறம்பே என்றுரைத்தார்.

பெருமான் தம் தோழருக்காகப் பரிந்து பேசவில்லை. அடியார்களைப் பாடுமாறு பணித்து, முதலடியும் எடுத்துக் கொடுத்தார். அவ்வாறு பிறந்ததே 11 பாடல்கள் கொண்ட திருத்தொண்டத் தொகை. குயவர், வேடர், மீனவர், ஆடை வெளுப்போர், அரசர் என அனைவருக்கும் தம்மை அடியேன் என்று அதில் பாடினார் சுந்தரர். தம்மைப் புறம்பென்ற விறன்மிண்டரையும் அவ்வரிசையில் வைத்துப் போற்றினார். சேக்கிழாரின் பெரியபுராணத்திற்கு முதல் நூலும் இதுவே. திருக்கோயில் சுற்றில் வரிசையாக எழுந்தருளியிருக்கும் 63 நாயன்மார் திருமேனிகளைத் தொழுவோர் இதனை நினைவுகூர்தல் நலம்.

பகை நட்பானது

பரவையாரின் ஊடல் தீர்க்கப் பெருமானையே தூது அனுப்பினார் சுந்தரர். இறைவனை ஏவல் கொள்வதா என்று ஏயர்கோன் கலிக்காமர் சினந்தார். அவருக்குச் சூலை நோய் வந்தது. சுந்தரரால் அது தீருவதை விரும்பாமல் தம் வயிற்றைக் கிழித்து உயிர் நீத்தார். அங்கு வந்த சுந்தரர் அதனை அறிந்து தாமும் உயிர்விடத் துணிந்தார். திருவருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் விரைந்து அவர் கையிலிருந்த படையைப் பற்றித் தடுத்தார். பகை அக்கணமே நட்பாயிற்று.

ஊர் பெற்ற நெல்

குண்டையூரில் பெருமான் அருளிய நெல்மலையைத் திருவாரூருக்குக் கொண்டுசெல்ல ஆள் வேண்டிச் சுந்தரர் பாடினார். பூதகணங்கள் இரவோடிரவாக நெல்லைக் கொணர்ந்து வீதிகளெல்லாம் நிறைத்தன. பரவையார் அதனைத் தம் மனைக்கே உரியதாக்கவில்லை. அவரவர் மனை எல்லையில் உள்ள நெல்லை அவரவரே எடுத்துக்கொள்க என்று முரசறைவித்தார். ஒருவருக்குக் கிட்டிய தோழமையின் பயனை ஊரே துய்த்தது.

சேரமான் பெருமாள் நாயனார் அரசுரிமையின் பெருமை பாராது சுந்தரரைத் தேடி வந்து நட்புக் கொண்டார். திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளை யானையின் மீது கயிலைக்கு எழுந்தருளியபோது, குதிரையின் மீது உடன் சென்றார். ஆடிச் சுவாதியில் இருவருக்கும் குருபூசை நிகழ்கிறது.

அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழுமாறு மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12-ஆம் நூற்பாவில் பணிக்கிறது. அவ்வாறு தொழுவதற்கு முன்பே அன்பரோடு கலந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆதலின், சந்நிதியில் கைகூப்பியவர் உடன் நிற்பவரை ஒதுக்கிச் செல்வாராயின் வழிபாடு நிறைவுறாது. பிணங்கியவரோடு இணங்குவதும், பெற்றதைப் பகிர்வதும் இறைவனோடு கொண்ட தோழமையின் அடையாளங்களாகும். இந்நெறி நின்று ஊரும் உலகும் உய்க!