வைத்தியசாலைப் பணிப்பாளர்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். கடல் கொந்தளித்தால் நோயாளியை யாழ்ப்பாணம் அனுப்புவது கடினம். ஆகவே மருந்து, ஆளணி, படகு ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்தல் உயிர்காக்கும் பணியாகும். இதுவே வைத்தியசாலை நிர்வாகம்.

இலங்கையின் அரச போதனா வைத்தியசாலைகளில் இப்பொறுப்பை வகிப்பவர் பணிப்பாளர். அவர் ஒரு மருத்துவர். அப்பதவிக்கான படிகள்:

1. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு
2. மருத்துவப் பட்டம் (5 ஆண்டுகள்)
3. உள்ளகப் பயிற்சி (1 ஆண்டு)
4. அரச மருத்துவ அதிகாரி
5. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவ நிர்வாக முதுமாணி

உதாரணம்: 2009இல் போரின்போது கிளிநொச்சிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளராக இருந்த மருத்துவர் த. சத்தியமூர்த்தி, பின்னர் யாழ். போதனா வைத்தியசாலைப் பணிப்பாளரானார்.

நினைவிற் கொள்க: தனியார் வைத்தியசாலைகளில் முகாமைத்துவம் கற்றவர்களும் தலைமை ஏற்கலாம்.